பழைய காருக்கு வீட்டில் பெயிண்ட்: குறை எந்த அடுக்கில் பிறந்தது?

முதலில் கேள்வி. பழைய கார் ஒன்றை வீட்டு ஷெட்டில் நிறுத்தி, ஓய்வு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பித்து வருகிறீர்கள். டிங்கர் வேலை முடிந்து, பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பார்த்து, பானெட்டுக்கும் ஒரு கதவுக்கும் 2கே பெயிண்ட் (ஹார்ட்னர் என்ற இறுகவைக்கும் திரவத்தைக் கலந்து அடிப்பது) அடித்தாயிற்று. பானெட்டில் அங்கங்கே வட்டமான சிறு குழிகள். கதவில் ஓரிடத்தில் பெயிண்ட் வழிந்து தடமாக நின்றுவிட்டது. இரண்டிலும் ஆரஞ்சுத் தோல் போன்ற புள்ளி மேடுகள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பட்டி வைத்த இடத்தைச் சுற்றி ஒரு வளையம் வேறு தெரிகிறது. தூசிக்குப் போடும் சாதாரண மாஸ்க்கோடு அடித்ததாகவும் சொல்லியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவா, இதன் மேலேயே இன்னொரு கோட் அடித்து மறைக்கவா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். இந்தக் குறைகள் ஒரே ஆழத்தில் பிறந்தவை அல்ல. வழிந்த தடமும் ஆரஞ்சுத் தோலும் மேல் படலத்தோடு நின்றுவிடும், தேய்த்தால் போய்விடும். குழிகள், பெயிண்டுக்கும் அதன் அடியிலிருக்கும் பரப்புக்கும் நடுவே இருந்த அழுக்கால் வந்தவை. பட்டி வளையம் அதற்கும் கீழிருந்து வருகிறது. மேலே எத்தனை கோட் அடித்தாலும் மறுபடி தலைகாட்டும். எந்த அடுக்கில் பிறந்ததோ அந்த அடுக்குவரை போய்ச் சரிசெய்ய வேண்டும், அதற்குக் கீழே கை வைக்கத் தேவையில்லை. காரை முழுவதும் சுரண்டச் சொல்பவர்களும் மேலேயே அடிக்கச் சொல்பவர்களும் இந்த ஒன்றைப் பார்ப்பதில்லை.

குறைகளுக்குப் போகுமுன் மாஸ்க் விஷயம், ஏனென்றால் அந்த நான்கு குறைகளையும்விட எனக்குக் கவலை தருவது அதுதான். 2கே பெயிண்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே பெயிண்டர்களுக்குத் தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு இது பெரிய காரணம். உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு உள்ளே போனாலே மூச்சு இழுக்கும். அந்த நிலையிலிருந்து திரும்புவது கடினம். வாசனையை வைத்தும் எச்சரிக்கையாக இருக்க முடியாது, மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே அளவு மிஞ்சியிருக்கும். தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. கரி கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் அதைவிட எவ்வளவோ மேல் என்றாலும், கார்ட்ரிட்ஜ் எப்போது தீர்ந்தது என்பது அணிந்தவருக்குத் தெரியாது. தாடி இருந்தால் விளிம்பில் கசியும். வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாக முகமூடிக்குள் செலுத்தும் அமைப்புதான் 2கே பெயிண்டுக்குச் சரியானது. தோல் வழியாகவும் பாதிப்பு உண்டு, ஆகவே நைட்ரைல் கையுறை, முழு உடை, கண் மறைப்பு எல்லாம் வேண்டும். ஸ்ப்ரே கன்னை நிறுத்திய பிறகும் பனி போலப் பெயிண்ட் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். ஷெட்டை விட்டு வெளியே வந்த பிறகே முகமூடியைக் கழற்றுங்கள்.

இந்த ஏற்பாடு உங்களால் முடியாது என்றால் 2கே பெயிண்டை வீட்டில் அடிக்காதீர்கள். பட்டி, தேய்ப்பு, மாஸ்கிங் எல்லாவற்றையும் நீங்களே முடித்துவிட்டுக் கடைசி ஸ்ப்ரேயை மட்டும் ஸ்ப்ரே பூத் (பெயிண்ட் அடிப்பதற்கென்றே காற்றோட்டம் அமைத்த அறை) உள்ள பட்டறையில் கொடுங்கள். உழைப்பில் பெரும்பகுதி உங்களுடையதாகவே இருக்கும். தின்னர் ஆவி தீப்பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்: ஷெட்டில் ஹீட்டர், ஃபிரிட்ஜ், பொறி கிளப்பும் சுவிட்ச், சாதாரண மோட்டார் ஃபேன் எதுவும் ஓடக்கூடாது.

இனி கதவில் வழிந்த தடம். இதுதான் இருப்பதிலேயே எளியது, ஆனால் அவசரத்தால் கெடுவதும் இதுதான். ஈரமாக இருக்கும்போது விரலோ துணியோ வைக்காதீர்கள். வழிந்த இடத்தில் படலம் தடிமனாக இருப்பதால் மற்ற இடத்தைவிட அங்கே தாமதமாகத்தான் காயும். நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகும்வரை நாள்கணக்கில் விடுங்கள். மென்மையாக இருக்கும்போது தேய்த்தால் உரிந்து கிழியும். இறுகியபின் தடத்தின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் இருக்கும் மேட்டைக் கூரான பிளேடை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டுங்கள். வெட்டுவதைப்போல அல்லாமல் மெல்லிய சுருளாக வர வேண்டும். டேப்பின் உயரத்துக்கு வந்ததும் டேப்பை எடுத்துவிட்டு, கெட்டியான சிறு கட்டையில் 1000 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடக்கூட நைசாக இருக்கும்) சுற்றி, தண்ணீர் விட்டு மேடு மட்டத்துக்கு வரும்வரை தேயுங்கள். பிறகு 1500, 2000, கடைசியில் காம்பவுண்ட் (பளபளப்பாக்கும் பசை). விரல் நுனியால் பேப்பரை அழுத்தித் தேய்த்தால் மேடு அப்படியே நிற்கும், அதைச் சுற்றியுள்ள பெயிண்ட்தான் போகும்.

ஆரஞ்சுத் தோல் வருவதற்குக் காரணம், கன்னிலிருந்து வந்த துளிகள் தகட்டில் ஒன்றோடொன்று கலந்து பரவுவதற்குள் உறைந்துவிடுவது. கன்னைத் தள்ளிப் பிடித்திருக்கலாம், காற்றழுத்தம் குறைந்து துளி பெரிதாக வந்திருக்கலாம், பெயிண்ட் கெட்டியாக இருந்திருக்கலாம், வெயிலுக்கு வேகமாக ஆவியாகும் தின்னரைச் சேர்த்திருக்கலாம். முழு பேனலிலும் ஒரே மாதிரி இருந்தால் கலவையோ அழுத்தமோதான் காரணம். ஓரத்தில் மட்டும், அல்லது கை எட்டாத இடத்தில் மட்டும் இருந்தால் கன்னின் தூரமும் வேகமும்தான் காரணம். தேய்த்துச் சரிசெய்யலாம்: 1200 அல்லது 1500 நம்பரில் கட்டை வைத்துத் தண்ணீரோடு தேய்த்தால் மேடுகள் மங்கி, பள்ளங்கள் மட்டும் பளபளக்கும் புள்ளிகளாகத் தெரியும். அந்தப் புள்ளிகள் மறையும்போது நிறுத்த வேண்டும். பிறகு 2000, 3000, காம்பவுண்ட்.

எவ்வளவு தேய்க்க இடமிருக்கிறது என்று தெரிந்துதான் கை வைக்க வேண்டும். 2கே பெயிண்ட் ஒரு கோட் காய்ந்தபின் ஏறக்குறைய 25 மைக்ரான் வரும். அதாவது மூன்று கோட்டுக்கும் சேர்த்து 0.1 மி.மீ.கூட இருக்காது. விளிம்புகளிலும் தகட்டு மடிப்பு முகடுகளிலும் அதைவிட மெல்லியது. அங்கே டேப் ஒட்டிவிட்டு மற்ற இடத்தைத் தேய்த்து, கடைசியில் டேப்பை எடுத்து ஓரத்தைக் கையால் மெல்ல ஓரிரு தடவை தடவினால் போதும். மேடுகள் ஆழமாக இருந்தால் தேய்த்தே தீர்க்கப் பார்க்காதீர்கள். 800 நம்பரில் சமப்படுத்தி, சுத்தம் செய்து, இன்னொரு ஈரமான கோட் அடிப்பதுதான் பாதுகாப்பு. கிளியர் கோட் (நிறத்தின்மேல் அடிக்கும் நிறமற்ற படலம்) போட்ட காராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வெயிலைத் தாங்கும் பொருள் கிளியரில்தான் இருக்கிறது. அதை மெல்லியதாக்கிவிட்டால் இன்று பளபளக்கும், நாளடைவில் வெளுத்துச் செதில்செதிலாக உரியும். அப்படி உரியும் கிளியரின் மேல் புதுக் கிளியர் அடித்தும் பயனில்லை, அடியில் இருப்பது பெயர்ந்தால் மேலே இருப்பதும் சேர்ந்தே பெயரும்.

பானெட்டில் உள்ள குழிகளைக் கிட்டத்தில், சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். வட்டமாக, கரை சற்று உயர்ந்து, நடுவில் அடிப்பரப்பு தெரிந்தால் அது மீன்கண். சிலிக்கான் அல்லது எண்ணெய்ப் பிசுக்கு இருந்த இடத்தைப் பெயிண்ட் விலகிப் போனதால் வந்தது. டேஷ்போர்டு பாலிஷ், டயர் பளபளப்பான், துரு நீக்கும் ஸ்ப்ரே, கம்ப்ரஸரிலிருந்து காற்றோடு வரும் எண்ணெய், நம் உள்ளங்கை இவையெல்லாம் காரணமாகலாம். சிலிக்கான் ஸ்ப்ரேயைக் காரின்மேல் அடித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அதே ஷெட்டில் அடித்தாலே போதும். குழிகள் ஊசிமுனை அளவில், கூட்டமாக, பெயிண்ட் தடிமனாக விழுந்த இடத்தில் மட்டும் இருந்தால் அது வேறு: மேல் தோல் மூடிக்கொண்டபின் அடியில் சிக்கிய தின்னர் வெடித்து வெளியேறிய துளைகள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே போதிய நேரம் விடாததாலும், அடித்தவுடன் வெயிலில் நிறுத்தியதாலும் வரும். மூன்றாவது வகை, பட்டியிலேயே இருந்த காற்றுத் துளை. தேய்க்கத் தேய்க்கப் போகாமல் கீழே கீழே போய்க்கொண்டிருக்கும். அதை மெல்லிய ஸ்டாப்பர் பட்டியை அழுத்தித் தேய்த்து நிரப்பினால்தான் தீரும், பிரைமரை (பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் பூச்சு) ஏற்றி நிரப்ப முடியாது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மீன்கண்தான். பெயிண்ட் காய்ந்தபின் 600 அல்லது 800 நம்பரில், குழியின் அடி மறையும்வரை அந்தப் பேனலைச் சமப்படுத்தி மறுபடி அடிக்க வேண்டும். குழிக்குள் பெயிண்டைச் சொட்டி நிரப்ப முயன்றால் அதுவும் விலகித்தான் நிற்கும். இதில் வரிசை முக்கியம்: பிசுக்கு நீக்கும் திரவத்தால் முதலில் துடைக்க வேண்டும், அதன் பிறகுதான் தேய்க்க வேண்டும், தேய்த்தபின் மறுபடியும் துடைக்க வேண்டும். முதலிலேயே தேய்த்தால் பிசுக்கு கீறல்களுக்குள் இறங்கிக்கொள்ளும். இரண்டு துணி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றால் திரவத்தைப் பூசி, அது ஆவியாகும் முன்பே உலர்ந்த இன்னொன்றால் வழித்தெடுங்கள். தானாகக் காயவிட்டால் கரைந்த பிசுக்கு அதே இடத்தில் மறுபடி படியும். பெயிண்டில் கலந்தால் மீன்கண் வராது என்று விற்கும் துளிமருந்துகள் பலவற்றில் இருப்பதும் சிலிக்கான்தான். ஒரு கோட்டில் கலந்தால் அதற்குமேல் வரும் ஒவ்வொரு கோட்டிலும் கலக்க வேண்டியிருக்கும், அந்த இடமே மாசுபடும். வீட்டு ஷெட்டில் அதை நான் சேர்க்கச் சொல்ல மாட்டேன்.

பட்டி வளையத்துக்குத்தான் உண்மையான உழைப்பு தேவை. பட்டியின் விளிம்பைப் பழைய பெயிண்டின்மேல் ஏற்றி இழைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பழைய பெயிண்ட் தின்னரை உறிஞ்சி உப்பும், பட்டி உப்பாது. காய்ந்து இறங்கும்போது இரண்டும் வேறுவேறு அளவில் இறங்குவதால் எல்லை கோடாகத் தெரிகிறது. பிரைமரைத் தடிமனாக ஏற்றி, அது முழுதும் காய்வதற்குள் தேய்த்துப் பெயிண்ட் அடித்தாலும் இதே வளையம் வரும்: அன்று சமமாக இருக்கும், அடுத்த வாரம் சுருங்கி இறங்கும்.

அடியில் என்ன பெயிண்ட் இருக்கிறது என்பதைச் சோதித்துவிடுங்கள். என்சி தின்னரில் (லாக்கரைக் கரைக்கும் தின்னர்) நனைத்த துணியைப் பழைய பெயிண்டின்மேல் ஓரிரு நிமிடம் வைத்துத் தேயுங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் அது பழைய லாக்கர். சுருங்கி மடிப்பு விழுந்தால் எனாமல். ஒன்றும் ஆகாமல் சற்று மங்கினால் 2கே போல நன்கு இறுகிய பெயிண்ட். லாக்கரோ எனாமலோ இருந்தால் அதன்மேல் நேராக 2கே அடிப்பது ஆபத்து. தகடுவரை எடுப்பதோ, நன்கு காயவிட்ட எபாக்ஸி பிரைமரால் முழுதும் மூடுவதோதான் வழி. சுருங்கிய எனாமலை மூடாமல் எடுத்தே விடுங்கள். பழைய சிவப்புப் பெயிண்டாக இருந்தால் அதன் சாயம் மேலே கசிந்து வெள்ளையை இளஞ்சிவப்பாக்குவதும் உண்டு. மிகப் பழைய கார்களின் பெயிண்டில் ஈயமும் இருக்கலாம், அதனால் பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்த்துத் தூளாக்காமல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள்.

வளையத்தைச் சரிசெய்ய, அந்தப் பட்டியைச் சுற்றி நல்ல அகலத்துக்குத் தகடு தெரியும்வரை எடுத்துவிடுங்கள். பட்டி தகட்டின்மேல், அல்லது காய்ந்து இறுகிய எபாக்ஸி பிரைமரின்மேல் மட்டும்தான் உட்கார வேண்டும். அமிலம் கலந்த எட்ச் பிரைமரின்மேல் பட்டி வைக்கக்கூடாது, அமிலம் அதைச் சரியாக இறுக விடாது. பட்டியில் ஹார்ட்னர் எடைக்கு ஏறத்தாழ 2 சதவீதம். சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகப் பிழிந்தால் அந்த ஹார்ட்னரில் உள்ள பெராக்சைடு மிஞ்சி மேல் பெயிண்டுவரை ஏறி மஞ்சளாகக் கறை விடும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், பிறகு அடியில் துரு, மேலே கொப்புளம். 80, பிறகு 180, பிறகு 320 என்று உலர்வாகவே இறங்குங்கள். படிகளைத் தாண்டினால் 80இன் கீறல்கள் சில வாரம் கழித்துக் கடைசிப் பெயிண்டில் கோடுகோடாகத் தெரியும்.

மீதிக் காருக்கு இனி எந்தப் பெயிண்ட் என்பதிலும் சொல்ல இருக்கிறது. வீட்டில் அடிப்பவருக்கு என் பரிந்துரை, கிளியர் தேவைப்படாத ஒற்றை அடுக்கு 2கே, மெட்டாலிக் இல்லாத தட்டை நிறம், முடிந்தால் வெளிர் நிறம். வீட்டில் தூசி விழும், ஓரிடத்தில் வழியும், எங்காவது ஆரஞ்சுத் தோல் வரும். தட்டை நிறத்தில் இவை எல்லாவற்றையும் தேய்த்து பாலிஷ் செய்து நீக்கலாம். மெட்டாலிக்கில் அலுமினியத் துகள்கள் எந்தக் கோணத்தில் படுத்திருக்கின்றன என்பதுதான் நிறமே. அதை உப்புத்தாளால் தொட்டால் அந்த இடம் தனியாகத் தெரியும். பெயிண்ட் அதிக ஈரமாக விழுந்தால் கருந்திட்டு, கன்னின் வீச்சு ஒன்றன்மேல் ஒன்று சரியாக ஏறாவிட்டால் புலிக்கோடு. கறுப்பு நிறம் தகட்டின் ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுக்கும். வெள்ளையும் தந்தமும் வெளிர் சாம்பலும் நிறையப் பொறுத்துக்கொள்ளும்.

நிறத்துக்கு முன் பிரைமரை ஒழுங்காகக் கட்டை வைத்துத் தேய்த்துவிடுங்கள், தகட்டின் மட்டம் இங்கேதான் முடிவாகிறது. பிரைமரின்மேல் மாறுபட்ட நிறத்தில் ஏதாவது மலிவான பெயிண்டைப் புகைபோல மிக லேசாகத் தூவுங்கள். நீளமான கட்டையில் 320 அல்லது 400 நம்பர் வைத்து, குறுக்கும் மறுக்குமாகச் சாய்வாகத் தேயுங்கள். தூவிய நிறம் எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே பள்ளம், எங்கே தகடு எட்டிப் பார்க்கிறதோ அங்கே மேடு. பள்ளத்தில் மட்டும் கையால் தேய்த்து அந்த நிறத்தைப் போக்கிவிடும் ஆசை வரும். அப்படிச் செய்தால் பள்ளம் அப்படியே இருக்கும், அடையாளம் மட்டும் போய்விடும். பிரைமர் மங்கலாக இருப்பதால் நெளிவுகள் கண்ணுக்குத் தப்பும். துடைக்கும் திரவத்தால் அதை நனைத்துவிட்டு, பேனலின் நீளவாக்கில் கண்ணைத் தாழ்த்தி, விளக்கின் பிரதிபலிப்பு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். பெயிண்ட் அடித்தபின் எப்படித் தெரியுமோ அது ஏறக்குறைய அப்போதே தெரிந்துவிடும். பிறகு 500 அல்லது 600இல் முடித்துக்கொள்ளுங்கள்.

கன்னைப் பற்றிச் சுருக்கமாக. பிரைமருக்கு 1.7 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட நாசில், பெயிண்டுக்கு 1.3 அல்லது 1.4. எச்விஎல்பி (நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விடும்) கன்களில் பல, நிமிடத்துக்கு 10 முதல் 15 கன அடி காற்று கேட்கும். சின்னக் கம்ப்ரஸரால் அதைத் தொடர்ந்து தர முடியாது. பேனலின் பாதியில் அழுத்தம் விழும், அங்கிருந்து ஆரஞ்சுத் தோல் தொடங்கும். உங்கள் கதவில் ஒரு பக்கம் மட்டும் மோசமாக இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். குறைந்த காற்றில் ஓடும் எல்விஎல்பி கன் வீட்டுக்குப் பொருந்தும். காற்றுக் குழாயில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். அதைக் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வையுங்கள், சூடான காற்று குளிர்ந்த பிறகுதான் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியும்.

தகட்டின் வெப்பம், காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். மழை நாளிலும் விடியற்காலையிலும் வேண்டாம். வெயில் அதிகமென்றால் மெதுவாக ஆவியாகும் தின்னரும் மெதுவான ஹார்ட்னரும். கன்னைத் தகட்டிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், மணிக்கட்டை வளைக்காமல், பேனலுக்கு வெளியே விசையை அழுத்தி வெளியே போய் விடுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். முதல் கோட் மெல்லியதாக இருக்கட்டும், அடியில் இருப்பது தெரிந்தாலும் பரவாயில்லை. அடுத்த கோட்டுக்கு முன் மாஸ்கிங் பேப்பரில் விழுந்த பெயிண்டைத் தொட்டுப் பாருங்கள். நூல் இழுக்காமல் பிசுபிசுப்பு மட்டும் இருந்தால் அடிக்கலாம். கலக்கும் விகிதமும் காத்திருக்கும் நேரமும் பெயிண்டுக்குப் பெயிண்ட் மாறும், டப்பாவோடு வரும் தாளில் உள்ளபடியே செய்யுங்கள்.

உங்கள் காரில் எந்த வரிசையில் போவது என்றால், கதவை முதலில் எடுங்கள். வழிந்த தடத்தைச் சுரண்டி, ஆரஞ்சுத் தோலைத் தேய்த்து, பாலிஷ்வரை கொண்டுபோங்கள். மறுபடி ஸ்ப்ரே செய்யாமலே அது தேறிவிடும், படலம் எவ்வளவு தேய்ப்பைத் தாங்குகிறது என்பதும் கைக்குப் பிடிபடும். அடுத்து பட்டி வளையம் உள்ள இடத்தைத் தகடுவரை எடுத்து, பட்டியும் பிரைமரும் முடித்து, குறைந்தது இரண்டு வாரம் சுருங்க விடுங்கள். அந்த இடைவெளியில் காற்று வரும் முகமூடிக்கு ஏற்பாடு செய்யுங்கள், கம்ப்ரஸர் குழாயில் எண்ணெய் வருகிறதா என்று ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வெறும் காற்றை ஊதிப் பாருங்கள். கண்ணாடியில் பிசுக்கு படிந்தால் பானெட்டின் குழிகளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அதைச் சரிசெய்யும்வரை பானெட்டைத் தொடாதீர்கள்.